ஆதாளின் இடது செருப்பு

கடல் பிளந்த கதையை உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். கடல் ஒரே ஒரு பொழுதுக்குத்தான் பிளந்தது, பிளந்த வேகத்தில் மூடியும் கொண்டது, ஆனால் அதற்குப் பிறகு நாற்பது வருஷம் வனாந்தரத்தில் எங்கள் கால்களில் தேயாமல் கிடந்த செருப்புகளைப் பற்றி ஒருவனும் வாய் திறப்பதில்லை. எனக்கு அந்தச் செருப்புகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அந்த ஜனத்தில் செருப்புத் தைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது மட்டும்தான். ஆறு லட்சம் பேருக்கு ஆண்டவர் ஒரேயடியாக இரக்கம் காட்டியபோது, ஐயா, இதில் யாக்கீன் என்று ஒரு செருப்புக்காரன் இருக்கிறானே, அவன் என்ன செய்வான் என்று யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

எகிப்தில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டதில்லை. செங்கல்லுக்குச் சேறு மிதிக்கிறவனுக்குச் செருப்பு எதற்கு, அப்படியே இருந்தாலும் கண்காணி வருகிற தெருவில் அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது சட்டம். என் அப்பா ஓகாத் தைத்ததெல்லாம் எகிப்துக் கண்காணிகளின் கால்களுக்குத்தான். அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் எங்கள் தலைவரிடமிருந்து ஆள் வந்தது: இன்றைக்கு ஆட்டை அடியுங்கள், இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் கோல், நின்றபடியே சாப்பிடுங்கள், புறப்படச் சொன்னதும் புறப்படுங்கள். கச்சைக்குக் கயிறு இருந்தது, கோலுக்கு மரம் இருந்தது, செருப்புக்கு மொத்தத் தெருவும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அன்றைக்குக் கண்காணிகளுக்காகப் பதப்படுத்தி வைத்திருந்த தோலையெல்லாம் அப்பா எடுத்து வெளியே போட்டார். பொழுது சாய்வதற்குள் நாற்பது ஜோடி தைத்தோம், அவர் வெட்டினார், பத்தொன்பது வயதான நான் குத்தூசியால் துளையிட்டு வாரைக் கோத்தேன். தோல் கிடைக்காதவர்கள் எகிப்து வீடுகளில் போய்க் கேட்டு வாங்கினார்கள், சிலர் கேட்காமலும் வாங்கினார்கள். கடைசியாக ஒரு துண்டுத் தோல் மிச்சமிருந்தது, அது என் தங்கை ஆதாளுக்கு. ஏழு வயது அவளுக்கு, வாழ்நாளில் முதல் செருப்பு, காலையிலிருந்து என் பக்கத்தை விட்டு நகராமல் இரண்டு பாதங்களையும் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய இடது செருப்பில் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சல்லூம் மேஸ்திரி வந்தார். மேஸ்திரி என்றால் எங்கள் ஆள்தான், எங்கள் ரத்தம்தான், கண்காணி அடிக்கச் சொன்னால் எங்களை அடிப்பவர், கண்காணி சொல்ல மறந்தாலும் ஞாபகமாக அடிப்பவர். அவர் வந்ததும் வரிசையில் நின்றவர்கள் தாமாக விலகினார்கள். கையில் ஒரு ஜோடி வைத்திருந்தார், அப்பா முதலிலேயே அவருக்குத் தைத்துக் கொடுத்தது.

"ஓகாத், இதுல அடித்தோல் ஒத்தையா இருக்கே. தூரமாப் போறோம்னு சொல்றாங்க. ரெட்டை அடி வச்சுக் குடு."

"தோல் இல்லீங்க மேஸ்திரி," என்றார் அப்பா.

"பின்ன இது என்ன?" என்று ஆதாளின் வலது செருப்பை உறைபோல் மூடியிருந்த மேல்தோலைக் காட்டினார்.

அப்பா அதை உரித்து எடுத்தார். நானும் என் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரிக்கு இரட்டை அடி தைக்க உட்கார்ந்தேன், பயத்தில் என் தையல் அவ்வளவு நெருக்கமாகவும் அழகாகவும் விழுந்தது. அதை முடிக்கவும் புறப்படச் சொல்லி ஊதவும் சரியாக இருந்தது. ஆதாளின் இடது செருப்பில் முடிச்சு உள்பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது, குதிகால் பதிகிற இடத்தில், ஓர் உளுந்து அளவு. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் தோலுக்குள் அமுங்கிவிடும். "அதைத் தட்டி உள்ள இறக்குடா," என்றார் அப்பா, மூட்டையைத் தூக்கிக்கொண்டே. "நாளைக்குத் தட்டிக்கலாம்ப்பா," என்றேன். அவள் நொண்டிக்கொண்டே எகிப்தை விட்டு வெளியே வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் கடலுக்கு இந்தப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கிய பாளையத்தில் சுத்தியலை எடுத்துத் தட்டினேன். முடிச்சு அமுங்கவில்லை. கத்தியை வைத்து அறுத்தேன், கத்தியின் முனை மழுங்கியது. குத்தூசியை வைத்து அழுத்தினேன், ஊசி வளைந்தது. அலுப்பில் கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் தாண்டி ஆறு மாதம் கழித்துத்தான் ஊருக்கே விஷயம் உறைத்தது. எகிப்துச் செருப்பு என்றால் இரண்டு மாதம் தாங்கும், அதுவும் கல்லிலும் முள்ளிலும் நடந்தால் ஒரு மாதம், அப்பாவும் கூடாரத்தின் முன்னால் கருவிகளை விரித்து வைத்து இன்றைக்கு வருவார்கள் நாளைக்கு வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தார், ஒரு வார்கூட அறுந்து வரவில்லை. ஆறாம் மாதம் ஒருத்தி செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் செருப்பு புதுசு போல இருக்கிறது என்றாள், பக்கத்தில் இருந்தவள் என்னுடையதும்தான் என்றாள், சாயங்காலத்துக்குள் பாளையம் முழுவதும் செருப்பைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது. கடல் பிளந்தபோது இவர்கள் பாடினார்கள், வானத்திலிருந்து அப்பம் விழுந்தபோது எகிப்து வெள்ளரிக்காய்க்கு ஏங்கினார்கள், செருப்பு தேயவில்லை என்று தெரிந்தபோது என்ன செய்தார்கள் என்றால், யாருடைய செருப்பு அதிகமாகத் தேயவில்லை என்று சண்டை போட்டார்கள்.

இரக்கத்துக்கு ஒரு குணம் உண்டு, அது வந்த நேரத்தில் இருந்ததை இருந்தபடியே காப்பாற்றிவிட்டது. நல்ல செருப்போடு வந்தவனுக்கு நல்ல செருப்பு நின்றது, கிழிந்ததோடு வந்தவனுக்குக் கிழிசல் கிழிசலாகவே நின்றது, அதற்குமேல் கிழியவும் இல்லை, தைக்கவும் முடியவில்லை. பெக்கேர் என்று ஒருவர் அவசரத்தில் எகிப்து வீட்டில் இரண்டும் இடதுகால் செருப்பாக எடுத்து வந்துவிட்டார், அவர் நேராக நடக்க நினைத்தால் வட்டமாகத்தான் போவார். ஐந்து வருஷத்தில் அவர் பிள்ளைகள் அப்படி நடந்தார்கள், பத்து வருஷத்தில் அவர் வம்சமே சாய்ந்து நடந்தது, பதினைந்தாம் வருஷம் நேராக நடக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் பெண் கொடுப்பதில்லை என்று பெக்கேர் சொல்லியனுப்பினார். சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோருமே முதலில் பாதத்தைத்தான் பார்த்தார்கள், இரட்டை அடிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள், ஒற்றை அடிக்காரர்கள் பின்னால் உட்கார்ந்தார்கள், கிழிசல்காரர்கள் நின்றார்கள். எகிப்தில் எல்லோரும் ஒரே சேற்றில் ஒரே வெறுங்காலோடு மிதித்தவர்கள் என்பதை நினைவுபடுத்தினால் எகிப்துக்குத் திரும்பப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள்.

இரட்டை அடிக்காரர்களில் முதல்வர் சல்லூம் மேஸ்திரி. அவரை ஐம்பது பேருக்குத் தலைவராக வைத்தார்கள், ஆனாலும் எங்களுக்கு வாயில் மேஸ்திரி என்றுதான் வந்தது, அவரும் அதைத் திருத்தவில்லை. அவர்தான் முதல் சட்டத்தைப் போட்டவர். ஆண்டவரே தேயாத செருப்பைக் கொடுத்திருக்கும்போது புதுச் செருப்புத் தைப்பது அவரை நம்பாமல் இருப்பது என்றார், வெறுங்காலோடு நடப்பது அவர் கொடுத்ததை உதறுவது என்றார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா கருவிகளை ஆட்டுத்தோலில் சுற்றி மூட்டையின் அடியில் வைத்தார்.

ஆண்டவர் எங்களுக்குத் தருவதாகச் சொன்ன தேசத்தை வேவு பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து, அங்கே இருப்பவர்கள் ராட்சதர்கள் என்று சொல்லி, ஜனம் விடிய விடிய அழுது, ஆண்டவருக்குக் கோபம் வந்து, இருபது வயதுக்கு மேல் இந்தப் பயணத்தில் புறப்பட்டவன் எவனும் அந்தத் தேசத்தை மிதிக்கப் போவதில்லை என்று தீர்ப்புச் சொன்னதும் அதற்குப் பிறகுதான். மறுநாள் காலையில் பாளையத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பத்தொன்பது வயது. நரைத்த தாடிக்காரர்கள், பேரன் எடுத்தவர்கள், பல் விழுந்தவர்கள் எல்லோருக்கும் புறப்பட்ட அன்று பத்தொன்பது வயதுதானாம். "எனக்கு அப்போ பத்தொம்பதுகூட முழுசா முடியலை," என்று சல்லூம் மேஸ்திரி சொன்னார், பக்கத்தில் அவருடைய பத்து வயது மகன் இம்னா நின்றுகொண்டிருந்தான். உண்மையிலேயே பத்தொன்பதாக இருந்த என்னைத்தான் யாரும் நம்பவில்லை. சாவு ஒருத்தரிடமும் சாட்சி கேட்கவில்லை, ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனது, அப்பாவையும் எடுத்துக்கொண்டது. வனாந்தரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் செத்தவர்களின் செருப்புதான், எந்தக் காலில் போட்டாலும் அந்தக் காலின் அளவுக்கு அது விரியும் சுருங்கும், அதனால் ஒவ்வொரு சாவு வீட்டிலும் உடம்பு சூடு ஆறுவதற்குள் செருப்புக்கு அடிதடி நடந்தது.

ஆதாளின் செருப்பும் அவளோடு வளர்ந்தது, முடிச்சும் வளர்ந்தது, உளுந்து அளவில் இருந்தது கொண்டைக்கடலை அளவுக்கு வந்தது. குதிகாலை ஊன்ற முடியாமல் அவள் பாதத்தின் வெளி விளிம்பில் நடக்கப் பழகினாள், கணுக்கால் வெளியே வளைந்தது, பதினேழு வயதில் அவள் நடந்து போனால் பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் அவளை நாற்பது வயதுக்காரி என்பார்கள். அந்தக் காலைச் செய்தவன் நான். ஒவ்வொரு அமாவாசை கழிந்த மறுநாளும் அவள் வந்து இடது செருப்பைக் கழற்றி என் மடியில் வைப்பாள், நான் மூட்டையின் அடியிலிருந்து குத்தூசியை எடுத்து முடிச்சின் பக்கத்தில் வைத்து அழுத்துவேன்.

"இறங்குதாண்ணே?"

"இல்லம்மா."

"சரி விடு, அடுத்த மாசம் பாப்போம்."

"ஊசி இறங்குற அன்னிக்கு முதத் தையல் உன்னோடதுதான் ஆதா. ராஜாவே வந்து நின்னாலும் உன்னோடதுதான்."

"நீ சொன்னாச் சரிதான்," என்பாள், செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்திருப்பாள்.

பன்னிரண்டாம் வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளாட்டுத் தோலைப் பாறைக்குப் பின்னால் வைத்துப் பதப்படுத்தி, யாருக்கும் தெரியாமல் அவளுக்கு ஒரு ஜோடி தைத்தேன், உள்பக்கம் ஆட்டுக்குட்டியின் மென்தோல். நான்கு நாள் போட்டிருந்தாள். அந்த நான்கு நாளும் அவள் தண்ணீருக்கும் விறகுக்கும் தேவையில்லாமல் நடந்துகொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் குதிகால் ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்திருந்தது, புதுத் தோல் தேயத்தானே செய்யும், அதை இம்னா பார்த்துவிட்டான். இவள் செருப்பு தேய்கிறது, இவள் செருப்பு தேய்கிறது என்று பாளையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கத்திக்கொண்டே ஓடினான், இவள் காலிலிருந்து ஆரம்பித்து எல்லோருக்கும் தேயப்போகிறது என்று பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினார்கள்.

எங்களைச் சபையில் நிறுத்தினார்கள். சல்லூம் மேஸ்திரி புதுச் செருப்பை ஒரு குச்சியால் தூக்கிக் காட்டினார், கையால் தொடவில்லை.

"ஏன் செஞ்சே?"

"அவளுக்கு வலிக்குது மேஸ்திரி. உள்ள ஒரு முடிச்சு துருத்திட்டு நிக்குது."

"வலிக்குதா? எகிப்துல முதுகுல வாங்குனோமே, அதைவிட வலிக்குதா?" என்றார், முதுகில் கொடுத்தவர்.

"நான் வெறுங்காலாவே நடந்துக்கிறேன்," என்றாள் ஆதாள்.

"வெறுங்காலா நடக்கிறவ எங்கள்ல ஒருத்தி இல்ல," என்றார் அவர்.

புதுச் செருப்பைப் பாளையத்துக்கு வெளியே புதைத்து அதன்மேல் கல் குவித்தார்கள், எங்கள் இருவரையும் ஏழு நாள் வெளியே வைத்தார்கள். எட்டாம் நாள் அவள் பழையதை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அதற்குப் பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. எனக்கு மட்டும் நாக்கு நீண்டது, கூடாரத்துக்குள் உட்கார்ந்து மேஸ்திரியையும் பெக்கேரையும் முன்வரிசைக்காரர்களையும் இந்த அடிமைப் புத்தி ஜனம் முழுவதையும் வாய் ஓயாமல் ஏசினேன், இவர்களைக் கடலுக்கு அந்தப் பக்கமே விட்டிருக்கலாம் என்றேன். ஆதாள் கேட்டுக்கொண்டே காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்வாள். "மெதுவாப் பேசுண்ணே, வெளிய கேக்கும்," என்பாள். நானும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

நாற்பதாம் வருஷம் யோர்தான் கரைக்கு வந்தோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடைசிப் பாளையத்தில் சல்லூம் மேஸ்திரி, இன்னமும் தனக்குப் பத்தொன்பதுதான் என்று சொல்லிக்கொண்டே, செத்துப் போனார். அவருடைய இரட்டை அடிச் செருப்பையும் ஐம்பது பேரையும் இம்னா எடுத்துக்கொண்டார், அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஆறு எங்களுக்கு வழிவிட்டது, நாங்கள் ஈரம் படாமல் தாண்டினோம், கடலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமில்லை என்று வனாந்தரத்தில் பிறந்து கடலைப் பார்க்காதவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கரையில் வாற்கோதுமை விளைந்து நின்றது. அதை வறுத்துத் தின்றோம், மறுநாள் வானத்திலிருந்து அப்பம் விழுவது நின்றது, மூன்றாம் நாள் பாளையத்தில் எங்கோ ஒரு வார் பட்டென்று அறுந்தது.

அதன்பிறகு அன்று முழுவதும் அறுந்துகொண்டே இருந்தது. நாற்பது வருஷத்துத் தேய்மானம் ஒரே பகலில் வந்து சேர்ந்தது, நடந்துகொண்டிருந்தவர்களின் அடித்தோல் பொடியாக உதிர்ந்தது, முன்வரிசைக்காரர்கள் எழுந்தபோது அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வார்கள் மட்டும் கிடந்தன. பெக்கேரின் பேரன்கள் நேராக நடக்கத் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் ஓடிப்போய் மூட்டையின் அடியிலிருந்து அப்பாவின் குத்தூசியை எடுத்து, ஒரு பழைய வாரில் வைத்து அழுத்தினேன். இறங்கியது. ஐம்பத்தொன்பது வயதில் நான் கூடாரத்துக்கு வெளியே வந்து "ஆதா! ஆதா!" என்று கூவினேன்.

அதற்குள் இருட்டிவிட்டதால் மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டாள். கல்லின்மேல் உட்கார்ந்து இடது செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்தாள், அதில் மற்றதெல்லாம் தேய்ந்துபோயிருந்தாலும் முடிச்சு மட்டும் கெட்டியாக நின்றது. முடிச்சின் ஓரத்தில் ஊசியை வைத்தேன். முனை உள்ளே போனது.

"இறங்குதாண்ணே?"

"இறங்குதும்மா!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள், ஏழு வயதில் சிரித்த அதே சிரிப்பு. இன்னும் இரண்டு குத்து, ஓர் இழுப்பு, அவ்வளவுதான் மிச்சம். அதற்குள் எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஜனம் ஒரு செருப்புக்காரனைத் தேடி வந்திருந்தது. வரிசை விலகியது. யாரும் விலகச் சொல்லவில்லை. இம்னா வந்துகொண்டிருந்தார், இரட்டை அடியைக் கையில் பிடித்திருந்தார்.

"யாக்கீன், நம்மளத முதல்ல பாத்துடு. வேலை நெறைய கெடக்கு."

நான் என்ன சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. "வாங்க மேஸ்திரி," என்றேன். மடியில் இருந்ததை எடுத்துக் கீழே வைத்தேன், என் இரண்டு கைகளையும் நீட்டி அவருடையதை வாங்கினேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, அந்த மனிதர் கையில் ஒரு குச்சிகூட இல்லை. "ஒரு நிமிஷம்மா," என்றேன் ஆதாளிடம்.

இரட்டை அடி ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலையா? தோலை வெட்டி, ஊறவைத்து, இரண்டு அடியையும் ஒட்டித் தைக்க உச்சி வெயில் வந்துவிட்டது. அவள் கல்லின்மேல் உட்கார்ந்தே இருந்தாள், நான் தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தேன், தையல் நெருக்கமாகவும் அழகாகவும் விழுந்தது. அப்பாவின் தையலைவிட நன்றாகவே விழுந்தது. கடைசி முடிச்சைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கியபோது அவள் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. வலது காலில் மிஞ்சியிருந்ததையும் கழற்றிக் கல்லின்மேல் வைத்தாள்.

"நாப்பது வருஷமா ஊசிதான் இறங்கலைன்னு நெனச்சுட்டிருந்தேண்ணே," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அப்படியே திரும்பி, வெறுங்காலோடு, வாற்கோதுமை அறுத்த வயலின் அடிக்கட்டைகளின்மேல் அந்த வளைந்த காலை விளிம்பில் ஊன்றி ஊன்றி நடந்தாள், ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை, எல்லோருக்கும் கண் என் கையில் இருந்த செருப்பின்மேல்தான். ஆதா என்று கூப்பிட வாயெடுத்தேன்.

"வார் கொஞ்சம் இறுக்கமா இருக்கே," என்றார் இம்னா, காலை என் முன்னால் நீட்டி.

குனிந்து தளர்த்திக் கொடுத்தேன்.